கடைசியாகப் போகிறவர்

எனக்குப் பயம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைமைத்துவ ஒழுக்கவியலைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிற பேராசிரியை என்றால் ஆட்கள் வேறு மாதிரி ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நிமிர்ந்த நடை, தடித்த குரல், மேசையைத் தட்டிப் பேசும் கை. நானோ லிஃப்டில் தனியாக ஏற மாட்டேன். துணைவேந்தரின் அறைக்குப் போக வேண்டுமென்றால் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று முதல் நாளே யோசிப்பேன். பின்னால் வாகனச் சத்தம் கேட்டால் என் கால் தானாகப் பாதையோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிடும்.

இந்தக் கான் பழக்கம் சின்ன வயதில் வந்தது. நான் பிறந்தது நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவே, பஸ் பாதையிலிருந்து மேலே ஏறிப்போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப் வந்தால் பாதையில் நிற்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அம்மா இறங்குவாள், நானும் இறங்குவேன். தண்ணீர் ஓடும் கானில் கால் நனைய நின்று, ஜீப் போன பிறகு ஏறி வருவோம். அந்தத் துரை நல்லவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். யாரையும் அவர் திட்டிக் கேட்டதில்லை. திட்டாத ஒருவரைக் கண்டு ஒரு தோட்டம் முழுக்க ஏன் கானுக்குள் இறங்குகிறது என்ற கேள்விதான் என்னை மெய்யியல் படிக்க வைத்தது என்று பேட்டிகளில் சொல்வேன். உண்மையில் பல்கலைக்கழகத்தில் எனக்குப் படிக்கக் கிடைத்த பாடம் அது ஒன்றுதான். கேள்வி பிறகு வந்தது. வந்த பிறகு என்னை விட்டுப் போகவில்லை.

தலைவனுக்கு என்ன கடமை, பின்னால் வருகிறவர்களிடம் அவன் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது. இவ்வளவுதான் என் தொழில். இதை வைத்துக்கொண்டு அரை ஆயுள் ஓட்டிவிட்டேன். நாடு பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் என் வகுப்பில் இடமில்லாமல் பிள்ளைகள் யன்னலோரம் நின்றார்கள். தலைவர்களை எப்படித் திட்டுவது என்று சொல்லித் தருவேன் என நினைத்து வந்தவர்கள் அதில் பாதிப்பேர். செயலமர்வுகளுக்கு இஸ்திரி கலையாத சட்டையோடு இளம் முகாமையாளர்கள் வருவார்கள். பயமுறுத்தி வேலை வாங்குகிறவன் தலைவனே அல்ல, காரணம் சொல், சம்மதம் கேள், பிறகு நட என்று நான் தொண்டை வரள விளக்குவேன். முடிந்ததும், "மெடம், ஸ்லைட்ஸ் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் போவார்கள். சாப்பாட்டு வரிசையில் அவர்கள்தான் முன்னால் நிற்பார்கள்.

ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மிஸ், நீங்க எப்பவாவது யாரையாவது வழிநடத்தி இருக்கீங்களா?" குத்திக் காட்டும் கேள்வி அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நீச்சல் தெரியாமலும் கடலைப் பற்றி எழுதலாம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

எனக்கு வழிநடத்தத் தெரியாது. வழிநடத்தத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். அவர் என் அண்ணா. அந்தத் தோட்டத்தின் தலைவர். மலைநாட்டில் தோட்டத்துக்கு ஒருவரைத் தொழிற்சங்கத்தின் பேரில் தலைவராக வைத்திருப்பார்கள். துரையோடு பேசுவது, ஆஸ்பத்திரிக்கு வாகனம் பிடிப்பது, புருஷன் பெண்சாதி சண்டையை விலக்குவது எல்லாம் அவர் தலையில். அண்ணா கொழுந்துச் சாக்கு தூக்கி, மருந்து தெளித்து, அதற்கு மேல் இதையும் செய்தார். கலியாண வீட்டில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். மழை இல்லாத மாதங்களில் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் குடங்கள் வரிசையில் நிற்கும்போது, தலைவர் வீட்டுக் குடம் வாலில்தான் நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

அண்ணிக்கு அதில் தீராத கோபம். "ஊரே அள்ளி முடிச்சப் பொறகு எங்களுக்குச் சேறுதான் வருது. தலைவர் பொண்டாட்டின்னா சும்மாவா?" என்பாள்.

அந்தக் காலிக் குடத்தைத்தான் நான் எழுதினேன். எல்லோரும் போன பிறகு கடைசியாகப் போகிறவரே தலைவர் என்பது என் வாதம். வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் அதை எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பேராசிரியர் பதவி வந்ததில் அண்ணியின் குடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டுரையைத் தமிழில் எளிமையாக எழுதி ஒரு சிறப்பு மலருக்குக் கொடுத்தேன். மாரியம்மன் கோவில் திருவிழாவில் அதை ஒலிபெருக்கியில் வாசித்தார்களாம். எல்லோரும் கைதட்ட, அண்ணா சால்வை நுனியைத் திருகிக்கொண்டு தலை குனிந்து நின்றாராம். அண்ணி தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பெருமையில் அன்று சோறு இறங்கவில்லை.

போன வருட மழையில் பணிய லயத்துக்கு மேலே மலை வெடித்தது. தோட்டத்தின் அடிவாரத்தில் இருக்கும் வரிசை வீடுகள் என்பதால் அதற்குப் பணிய லயம் என்று பெயர். அதன் தொங்கல் காம்பராவில், அதாவது வரிசையின் கடைசி வீட்டில்தான் அண்ணாவும் அண்ணியும் இருந்தார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு ஆள் காலை அகட்டி வைத்துத் தாண்டும் அளவுக்கு, நிலம் வாயைப் பிளந்திருந்தது. அண்ணா அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார், அளவு தெரிவதற்காக. வெடிப்பை விட்டுவிட்டு அந்தச் செருப்பையே நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், இடத்தை விட்டு எழும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கே எழும்புவது என்று அதில் இல்லை. ஒரு துண்டு நிலம் கேட்டு அண்ணா ஏறாத படி இல்லை. அது கிடைக்கிற வரைக்கும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மழை மோசமானால் ஃபெக்டரியில் சங்கு ஊதும். சங்கு கேட்டதும் எதிர்மலையில் இருக்கும் பாடசாலைக்கு எல்லோரும் ஏறிவிட வேண்டும். கோவிலடியில் கூட்டம் போட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கினார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணாவும் ஆட்டினார்.

மழைக்காலம் மறுபடி தொடங்கியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விரிவுரை நடுவே யன்னலைப் பார்ப்பேன். வானம் கறுத்தால் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். விடுமுறை விழுந்த அன்றே ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து வளைந்து வளைந்து போகிற பஸ்ஸில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு பேரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவதுதான் என் எண்ணம்.

"அண்ணே, மழை முடியிற வரைக்கும் என்னோட வந்து இருங்க. ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்குது."

அண்ணா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். "தலைவர் மொதல்ல ஓடிட்டாருன்னா நல்லாவா இருக்கும்? நீ படிச்சவ, நீயே சொல்லு."

நான் எழுதியதைத்தான் அவர் எனக்குத் திருப்பித் தந்தார்.

மறுநாள் காலையில் பெய்த மழையை மழை என்று சொல்வதா என்று தெரியவில்லை. கூரைத் தகரத்தின் இரைச்சலில் எதிரே இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. கான்கள் நிரம்பிப் படிக்கட்டுகளில் சிவப்புத் தண்ணீர் இறங்கியது. அண்ணா விடிந்ததுமே நிலைமையைப் பார்க்கப் போய்விட்டிருந்தார். அண்ணி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அப்போது சங்கு ஊதியது.

நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக ஓடினேன். அண்ணி நிதானமாக அடுப்பைத் தணித்தாள். அடையாள அட்டைகள் இருந்த பையை எடுத்து மார்புக்குள் செருகிக்கொண்டாள். குடையை எனக்குத் தந்துவிட்டுத் தலையில் ஒரு உரச்சாக்கைப் போட்டுக்கொண்டாள். லயத்தில் எல்லா வீடுகளிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக ஆபத்திலிருந்து வெளியேறுவதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் மேலே போனால் பாடசாலை. கீழே போனால் பெரட்டுக்களம். தினமும் காலையில் சங்கு ஊதியதும் ஆட்கள் கூடி, இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொண்டு பிரிகிற இடம் அது. முன்னால் போனவர்கள் கீழே திரும்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் எல்லோரும் கீழே திரும்பினார்கள்.

"அண்ணி, ஸ்கூல் மேலதானே?"

"பெரட்டுல கூடிட்டுப் போவோம்மா. சங்கு ஊதுனா அங்கதானே போறது. அண்ணனும் அங்கதான் நிப்பாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சங்கு ஊதினால் பெரட்டுக்குப் போவது அந்த மக்களுக்கு யோசித்துச் செய்கிற காரியமே அல்ல. பாட்டன் காலத்திலிருந்து கால்கள் கற்றுக்கொண்டது. கோவிலடியில் தலையாட்டியபோது தலைதான் ஆடியது. ஆபத்துக்கு ஊதுகிறார்களா, வேலைக்கு ஊதுகிறார்களா என்று காலுக்குத் தெரியாது. பெரட்டுக்களம் இருப்பதோ வெடிப்புக்கு நேர் கீழே, மலை குழிந்து இறங்குகிற பள்ளத்தில். மண் வந்தால் முதலில் வந்து விழுகிற இடம் அதுதான்.

அங்கே எல்லோரும் நின்றார்கள். குடையோடும் சாக்கோடும், கைக்குழந்தைகளோடும், தினமும் நிற்பது போலவே வரிசை வரிசையாக நின்றார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் வாசலில் அண்ணா நனைந்துபோய் நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, இது நிக்கிற எடமில்ல. எல்லாரையும் மேல போகச் சொல்லுங்க."

"அதத்தான் நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன்," என்றவர் திரும்பி உரக்கச் சொன்னார். "எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்க. நிக்காதீங்க, போங்க."

யாரும் அசையவில்லை.

"நீங்க வாங்க தலைவரே, போவோம்," என்றார் ஒரு பெரியவர்.

"நீங்க போங்கண்ணே. எல்லாரும் வந்து சேர்ந்துட்டாங்களான்னு பாத்துட்டு நான் கடைசியா வாறேன்."

"ஒங்கள விட்டுட்டு நாங்க எப்புடிப் போறது? நல்லாவா இருக்கும்?"

"என்னையப் பாக்காதீங்க. நீங்க போங்க."

"இல்லல்ல, நீங்க வாங்க."

கலியாண வீட்டு வாசலில் நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று உபசாரம் பண்ணுவார்களே, அப்படியே நடந்தது. அவர்கள் போகாமல் அவர் போக மாட்டார். அவர் போகாமல் அவர்கள் போக மாட்டார்கள். இரண்டு பக்கமும் மரியாதை. இரண்டு பக்கமும் அன்பு. தலைக்கு மேலே வெடித்த மலை. என் கட்டுரையில் எழுதியது எழுத்துக்கு எழுத்து என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் பேசிப் பார்த்தேன். என் வாழ்நாள் தொழில் அதுதானே. மடுவத்துப் படியில் ஏறி நின்று, இந்த இடம் ஏன் ஆபத்தானது, மண் எந்த வழியாக வரும், பாடசாலை ஏன் பாதுகாப்பானது என்று காரணம் சொன்னேன். சம்மதம் கேட்டேன். எல்லோரும் அமைதியாக, முகத்தில் வழிகிற மழையைத் துடைக்காமல்கூடக் கேட்டார்கள். "டீச்சர் நல்லாப் பேசுது," என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு எல்லோரும் அண்ணாவைப் பார்த்தார்கள்.

நான் மேலே பார்த்தேன். மலை முழுக்க மூட்டம். மூட்டத்துக்குள் சவுக்கு மரங்கள் தெரிந்தும் மறைந்தும் நின்றன. அதில் ஒன்று சாய்ந்தது என்று நினைத்தேன். மூட்டம் நகர்ந்ததா, மரம் நகர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அடுத்த கணம் நான் அலறிக்கொண்டிருந்தேன்.

"மலை எறங்குது! ஐயோ, மலை எறங்குது! அண்ணே, ஓடுங்கண்ணே!"

அலறிவிட்டு நான் ஓடினேன். யாரையும் இழுத்துக்கொண்டு ஓடவில்லை, யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. குடை எங்கே போனது என்று தெரியாது. சேற்றில் செருப்பு கழன்றது. நான் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வேன் என்று அண்ணா என் பின்னால் பாய்ந்து வந்தார். தலைவர் ஓடுகிறார் என்றதும் பெரட்டுக்களம் மொத்தமும் கிளம்பியது. படிக்கட்டில், செடிகளுக்கு நடுவில், கிடைத்த வழியெல்லாம் ஏறினார்கள். பின்னால் வந்த அந்தக் காலடிச் சத்தத்தை மலைதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் வேகமாக ஓடினேன். பாடசாலை வாசலில் போய் விழுந்தபோதுதான் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்பது தெரிந்தது.

மலை இறங்கவில்லை.

நண்பகலில் மழை விட்டு மூட்டம் கலைந்தது. எதிரே மலை அப்படியே இருந்தது. செடிகள் முகம் கழுவி வந்த பிள்ளைகள் மாதிரி பளபளத்தன. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பயந்து ஓடிவந்த பிறகு வருகிற சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எனக்கும் கண்ணில் நீர் வரச் சிரிப்பு வந்தது. அப்போது ஒரு குரல், "இருந்தாலும் மொதல்ல ஓடுனது நம்ம தலைவருதான்," என்றது. சிரிப்பு இன்னும் பெரிதானது. நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அடி வாங்கியவர் போல நின்றார்.

பொய் சொன்னேனா என்று நான் என்னையே கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மலை இறங்கவில்லை, ஆகவே நான் சொன்னது உண்மையில்லை. ஆனால் அந்த அலறலில் இருந்த பயத்தில் ஒரு துளிகூடப் பொய் இல்லை. பயமுறுத்தி நடத்துகிறவன் தலைவன் அல்ல என்று இத்தனை காலம் கற்பித்தேன். பயந்தே ஓடி ஒரு கூட்டத்தை நடத்தியவளுக்கு என்ன பெயர் என்று எந்தப் பாடத்திலும் நான் எழுதி வைக்கவில்லை.

நான் திரும்பி வந்த பிறகு அண்ணி கூப்பிட்டுச் சொன்ன செய்தியைக் கேட்டு எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்றைக்கு யாரோ மழையைப் படம் பிடித்துக்கொண்டிருந்த கைபேசியில் என் அலறல் பதிவாகியிருந்தது. சங்கை ஊதினால் சனம் பெரட்டுக்குத்தான் போகும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டதால், இனிமேல் அந்த அலறலைக் கோவில் ஒலிபெருக்கியில் போடுவதாகக் கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்களாம்.

"என்னயக் கேக்காம எப்புடி அண்ணி?"

"கேட்டா நீ பேசுவ. ஒன் பேச்சுக்கு யாரும் ஓட மாட்டாங்கம்மா. ஒன் கத்தலுக்குத்தான் ஓடுவாங்க."

அத்தனை வருட விரிவுரைகளுக்கு இப்படி ஒரு மதிப்புரை எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. ஆனால் எனக்கு வந்த பயம் வேறு. அலறலைக் கேட்டு எல்லோரும் வெளியே வருவார்கள். வந்து மறுபடியும் அண்ணாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அண்ணா என்ன செய்வார்? அந்தச் சிரிப்பு அவருக்கு ஆறவில்லை என்று அண்ணி சொன்னாள். கடைக்குப் போனால், "தலைவரே, மெதுவா நடங்க, மலை எங்கயும் போவாது," என்று கேலி பண்ணுகிறார்கள். அவரும் சிரித்துவிட்டு வந்துவிடுகிறார். வீட்டில் பேசுவதில்லை. அடுத்த முறை தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பள்ளத்தில் கடைசி ஆளாக நின்றே தீருவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

அவரைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"அண்ணே, அடுத்த தடவ நீங்கதான் மொதல்ல ஓடணும். அவங்க ஒங்க காலப் பாத்துத்தான் நடப்பாங்க. நீங்க நின்னா எல்லாரும் நிப்பாங்க."

"கடைசியாப் போறவருதான் தலைவர்னு எழுதுனது யாரு? கோவில்ல மைக்குல வாசிச்சாங்களே."

"நான்தான் எழுதுனேன். இப்ப நானே சொல்றேன், ஓடுங்க."

"ஒனக்கு மாத்தி எழுதிக்கலாம். நான் இங்க இருந்து மூஞ்சி காட்டணும்ல," என்றார். கோபமில்லை. களைப்பாகத்தான் சொன்னார். ஓடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த மழை வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். பயத்தைக் கருவியாகப் பயன்படுத்தும் தலைமை என்ற பாடம். வருடா வருடம் எடுப்பதுதான், ஆனால் அன்றைக்கு எனக்கே என் குறிப்புகள் பிடிக்கவில்லை. மேசையில் இருந்த கைபேசி அதிர்ந்தது. அண்ணி. வகுப்பில் நான் அழைப்பு எடுப்பதில்லை. எடுத்தேன்.

முதலில் கேட்டது என் குரல். ஒலிபெருக்கியில் கிழிந்துபோய், மழைக்கு மேலாக, மலை எறங்குது, அண்ணே ஓடுங்கண்ணே, மலை எறங்குது என்று திரும்பத் திரும்ப அலறிக்கொண்டிருந்தது. முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் அது கேட்டது. பேனாக்களை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணி! அண்ணே எங்க? எங்க நிக்கிறாரு?"

மூச்சு வாங்கும் சத்தம். யாரோ குழந்தையை அதட்டும் சத்தம். பிறகு அண்ணி, "முன்னால... முன்னால ஓடுறாரும்மா. எல்லாருக்கும் முன்னால. நாங்க பின்னாலயே..." என்றாள். தொடர்பு அறுந்தது.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி மறுபடி அழைத்தேன், இணைப்புக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் யாரும் வெளியே போகவில்லை. ஒருத்தி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் கையில் வைத்தாள். என்ன நடக்கிறது என்று அவர்களுக்குச் சொன்னேன். முழுவதும் சொன்னேன், நான் அலறியதை, ஓடியதை எல்லாம். மறைக்கத் தோன்றவில்லை. அந்தப் பாடத்தை நான் ஒழுங்காக நடத்தியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன், ஆனால் அதை அப்போது நினைக்கவில்லை. அப்போது நான் மாரியம்மனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம்தான் அண்ணா கூப்பிட்டார்.

"எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம். ஒண்ணும் ஆகல. இன்னைக்கும் எறங்கல."

நான் அழுதேன். சத்தம் போட்டு, வகுப்பறை என்றும் பார்க்காமல் அழுதேன். அண்ணாவுக்குப் பின்னால் பாடசாலைக்குள் ஒரே கலகலப்பு. யாரோ ஒருவர், "வழி விடுங்க, வழி விடுங்க, தலைவர் ஓடி வாறாரு," என்று ராகமாகச் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குழந்தைகள்கூடச் சிரித்தன. ஒருவர் குறையாமல் அங்கே இருந்ததால்தான் அந்தச் சிரிப்பு அவ்வளவு பெரிதாகக் கேட்டது.

மலை அங்கேதான் இருந்தது. வெடிப்பும் இருந்தது. நிலம் கிடைக்கவில்லை, மழைக்காலமும் முடியவில்லை.

"அண்ணே," என்றேன். "அடுத்த தடவையும் இப்புடியே மொதல்ல ஓடிருவீங்கதானே?"

பின்னால் இன்னொரு முறை அந்த ராகம் எழுந்தது, இன்னொரு முறை சிரித்தார்கள். நான் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"சிரிக்கிறாங்கம்மா," என்றார்.